அப்பாயின்ட்மென்ட் அக்கா வீடு பார்த்த கதை

கண் ஆஸ்பத்திரியின் முன்மேசையில் பதினெட்டு வருஷம் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் “டாக்டர் இதோ வந்துட்டே இருக்கார், உக்காருங்க” என்று சொல்லிச் சொல்லியே காலம் தள்ளியவள் அவள். கடையில், பஸ்ஸில், எங்கே பார்த்தாலும் ஜனங்கள் அவளை ‘அப்பாயின்ட்மென்ட் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் மனசு வைத்தால் அடுத்த மாதம் பார்க்க வேண்டிய கண்ணை நாளைக்கே பார்க்க வைப்பாள். அப்பேர்ப்பட்டவளிடம், முன்பின் பார்த்திராத ஊரில் இருக்கிற ஒரு வீட்டு புரோக்கர், “நாளைக்குக் கூப்பிடுங்க மேடம், இப்ப வண்டி ஓட்டிட்டு இருக்கேன்” என்று சொன்னால் எப்படி இருக்கும்? உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

“வண்டி ஓட்டறானாம் வண்டி! பின்னாடி மிக்ஸி சத்தம் கேக்குது. மிக்ஸியையா ஓட்டறான் இவன்?” என்று போனைக் கட்டிலில் வீசினாள்.

விஷயம் என்னவென்றால், அவள் புருஷனுக்கு மாற்றல் வந்துவிட்டது. அவர் லிஃப்ட் மெக்கானிக். கம்பெனி அவரை ரயிலில் அரைநாள் தூரத்தில் இருக்கிற ஊருக்குப் போகச் சொல்லிவிட்டது. அங்கே வீடு பார்க்க வேண்டும். வீடு பார்ப்பது பெரிய வித்தையா என்று யாராவது கேட்டால் அவளுக்குக் கெட்ட கோபம் வரும். ஏனென்றால் அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு விஷயம்தான், அந்த ஒரே ஒரு விஷயத்தைத்தான் உலகத்தில் ஒருத்தரும் காதில் வாங்க மாட்டேன் என்கிறார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஸ்கூட்டரிலிருந்து விழுந்தாள். வலது முட்டியில் கம்பி வைத்தார்கள். கம்பி நன்றாகத்தான் இருக்கிறது, முட்டிதான் மடங்குவதில்லை. சமதரையில் ஊன்றுகோலோடு ராணி மாதிரி நடப்பாள். படி என்றால் போச்சு. அவர்கள் குடியிருந்ததோ மூன்றாவது மாடி. ஊரிலுள்ள லிஃப்டையெல்லாம் ஓட வைக்கிற மனுஷர் குடியிருந்த கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது! இந்தக் கொடுமையை எங்கே போய்ச் சொல்வது?

ஆஸ்பத்திரி வேலையும் அந்தப் படிகளோடு போயிற்று. வெளியே போக வேண்டும் என்றால் ஒரு பச்சை பிளாஸ்டிக் நாற்காலியில் அவளை உட்கார வைத்து, புருஷன் ஒரு பக்கமும் கீழ்வீட்டுக்காரர் ஒரு பக்கமும் பிடித்து இறக்குவார்கள். ஒவ்வொரு மாடியிலும் கதவு திறக்கும். “என்ன அக்கா, ஆஸ்பத்திரிக்கா?” என்று ஒரு தலை நீளும். அவள் சிரிப்பாள். சிரித்துவிட்டு உள்ளுக்குள் செத்துப்போவாள். கடைக்குப் போய் ஒரு சோப்பு வாங்க இரண்டு ஆம்பிளைகள் தூக்கிக்கொண்டு போகிற பிழைப்பும் ஒரு பிழைப்பா? கொஞ்ச நாளில் அவள் வெளியே போவதையே விட்டுவிட்டாள். ஜன்னலில் உட்கார்ந்து தெருவைப் பார்ப்பாள், அவ்வளவுதான்.

அதனால் மாற்றல் என்று கேட்டதும் புருஷன் தலையில் கைவைத்து உட்கார்ந்தார், அவளுக்கோ உயிர் வந்தது. “நல்லதாப் போச்சு. அங்கயாவது நானா வாசலுக்குப் போய், நானா கேட்டைத் திறந்து, நானா தெருவுக்குப் போகணும். யாரையும் கூப்பிடக் கூடாது. அப்படி ஒரு வீடு பாக்கறோம். வாடகை கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தாலும் பரவால்ல” என்றாள். பெட்டியே கட்ட ஆரம்பிக்கவில்லை, அதற்குள் அந்தப் பச்சை நாற்காலியைக் கீழ்வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிட வேண்டும் என்றும் சொல்லிவிட்டாள்.

வீடு பார்க்க நேரம் வாங்கும் பொறுப்பு இயல்பாகவே அவளுக்கு வந்தது. புருஷன் நேரில் போய்ப் பார்ப்பது, அவள் இங்கிருந்து போனில் ஏற்பாடு செய்வது என்று முடிவாயிற்று. நானும் வருகிறேன் என்று அவள் சொன்னாள்தான். “மூணு மாடி இறங்கி, ரயில் ஏறி, அங்க வீடு வீடா ஏறி இறங்கி... எதுக்கும்மா இந்த அவஸ்தை? நான் பாத்துக்கறேன்” என்றார். மறுபடி நாற்காலியா என்று நினைத்ததும் அவளும் வாயை மூடிக்கொண்டாள்.

அப்புறம் ஆரம்பித்தது கூத்து.

“தரைத்தளம்தான் மேடம். படியே கிடையாது” என்பார் ஒரு புரோக்கர்.

“வாசல்ல?”

“வாசல்ல ஒரு நாலு இருக்கும். அதெல்லாம் ஒரு படியா மேடம்?”

“பின்ன அது என்னங்க, பஞ்சு மெத்தையா?”

இன்னொருவர் வீடு காட்டுவதாகச் சொன்ன நேரத்துக்கு மூன்று தரம் டிமிக்கி கொடுத்தார். நாலாவது தரம் கூப்பிட்டபோது, “இதோ வந்துட்டே இருக்கேன், தெருமுனையில இருக்கேன்” என்றார். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். இந்த வாக்கியம் அவளுடைய சொந்தச் சொத்து. டாக்டர் வீட்டில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதெல்லாம் அவள்தானே இதை ஆயிரம் பேருக்குச் சொல்லியிருக்கிறாள்! “என்கிட்டயே விடறியா?” என்று பல்லைக் கடித்தாள். ஆனால் என்ன செய்ய முடியும்? மேசைக்கு அந்தப் பக்கம் நிற்கும்போதுதான் தெரிகிறது, அந்த வாக்கியம் எவ்வளவு வயிற்றெரிச்சலைக் கிளப்பும் என்று.

அந்த ஊருக்குப் பக்கத்தில்தான் அவள் தம்பி இருக்கிறான், குழாய் வேலை செய்கிறவன். புருஷன் போவதற்கு முன்னால் ஒரு பார்வை பார்த்து வீடியோ எடுத்து அனுப்படா என்று கெஞ்சினாள். அனுப்பினான். முதல் வீட்டு வீடியோவில் சமையலறைக் குழாய். இரண்டாவது வீட்டில் குளியலறைக் குழாய், அதற்கு அடியில் போகும் பைப், பைப் போய்ச் சேரும் சாக்கடை. மூன்றாவது வீட்டில் மொட்டைமாடியில் ஏறி, தண்ணீர்த் தொட்டிக்குள் தலையை விட்டு எடுத்திருந்தான்.

“டேய், வாசல் எங்கடா? வாசலைக் காட்டச் சொன்னேனே, கரடியாக் கத்தினேனே!”

“அக்கா, தொட்டியைப் பாத்தியா? சூப்பர் தொட்டி. பாசி ஒரு பொட்டு இல்ல. கண்ணை மூடிட்டு எடுத்துக்கோ.”

புருஷனும் அவளும் சேர்ந்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். “உன் தம்பிக்குக் குழாயைத் தவிர உலகத்துல ஒண்ணும் கண்ணுக்குத் தெரியாது. விடு, நான் போய்ப் பாக்கறேன். என் கண்ணுல எதுவும் தப்பாது” என்றார் புருஷன். அந்தப் பேச்சை அவள் அப்போது நம்பினாள்.

நடுவில் ஒரு அம்மாள் அகப்பட்டாள். புரோக்கர் இல்லை, வீட்டுக்குச் சொந்தக்காரி. மரக்கடை நடத்துகிறவள். குரலே மரம் அறுக்கிற மாதிரிதான் இருந்தது. “கேட்டுக்கோங்க. பக்கத்துலயே எங்க மரக்கடை. காலையில ரம்பம் சத்தம் காதைக் கிழிக்கும். ஜன்னலைத் திறந்தா மரத்தூள் வரும். சமையலறை கொஞ்சம் இருட்டு. வாசல்ல ரெண்டு படி இருக்கு. அப்புறம்...”

படி என்று காதில் விழுந்ததும், “வேண்டாங்க” என்று அப்பாயின்ட்மென்ட் அக்கா டக்கென்று போனை வைத்துவிட்டாள். வீட்டை வாடகைக்கு விடுகிறவள் இப்படியா பேசுவாள்? வீட்டின் நல்லதை ஒன்றாவது சொல்ல வேண்டாமா? என்ன பொம்பளையோ என்று முணுமுணுத்துக்கொண்டாள்.

கடைசியில் ஒருவழியாக நாலு வீட்டுக்கு நேரம் வாங்கினாள். எந்த வீடு எந்தத் தெருவில், எதிலிருந்து எதற்குப் போவது, புரோக்கர் வராவிட்டால் யாரைப் பிடிப்பது என்று புருஷனுக்குப் பாடம் நடத்தி அனுப்பினாள். “கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுட்டுப் பாருங்க. வீடு அழகா இருக்கணும்னு அவசியமில்ல. நான் தெருவுக்குப் போகணும். அதை மட்டும் பாருங்க” என்று வாசல்வரை வந்து சொன்னாள். அவர் தலையை ஆட்டினார்.

அவர் போன அன்று அவள் போனைக் கையை விட்டு இறக்கவில்லை. முதல் வீட்டை அன்று காலையில்தான் யாருக்கோ கொடுத்துவிட்டார்களாம். அதை நேற்றே சொல்லித் தொலைத்தால் என்ன? இரண்டாவது வீட்டுச் சாவி புரோக்கரின் மைத்துனனிடம் இருக்கிறதாம், மைத்துனன் எங்கே இருக்கிறான் என்று யாருக்கும் தெரியாதாம். மூன்றாவது வீட்டில் ஏற்கெனவே இருக்கிறவர்கள் காலி செய்ய மாட்டோம் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்களாம். புருஷன் வாசலில் நின்று அந்தச் சண்டையை நேரடி ஒலிபரப்பு வேறு செய்தார். “வெக்கமா இருக்குங்க, முதல்ல அங்கேருந்து கிளம்புங்க” என்று கத்தினாள்.

நாலாவது வீட்டிலிருந்து அவர் கூப்பிட்டபோது குரலே வேறாக இருந்தது. கல்யாணப் பேச்சு முடிந்த மாப்பிள்ளையின் குரல்.

“ஏம்மா, என்ன லிஃப்ட்டும்மா இது! கதவு மூடற சத்தத்தைக் கேளு. கேக்குதா? ஒண்ணுமே கேக்கல இல்ல? அதான்! கரண்ட் போனாலும் பக்கத்து மாடிக்குக் கொண்டுபோய் விட்டுடும். மேல மெஷின் ரூம் வரைக்கும் போய்ப் பாத்துட்டேன். கயிறு புதுசு. பிரேக் அப்படியே பூ மாதிரி பிடிக்குது.”

“அதெல்லாம் இருக்கட்டும். படி?”

“படியா? லிஃப்ட் தரைத்தளத்துலயே நிக்குதும்மா. ஏறி நின்னா ரெண்டாவது மாடி. காலை எடுத்து வெச்சா நம்ம வாசல். ஒரு படி கிடையாது.”

“நிஜமா?”

“உன் மேல சத்தியமா.”

வீடியோவும் அனுப்பினார். லிஃப்ட் ஏறுகிறது. லிஃப்ட் இறங்குகிறது. கதவு திறக்கிறது, எதிரே வீட்டு வாசல், நடுவில் ஒரு விரற்கடை இடைவெளிகூட இல்லை. அவள் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். கண்ணில் நீர் வந்துவிட்டது. “பேசி முடிச்சிடுங்க” என்றாள். அவர் அட்வான்ஸைக் கொடுத்துவிட்டு ரயிலேறினார்.

குடிபெயரும் நாளில் அவளைக் கடைசியாக ஒரு தரம் அந்த நாற்காலியில் இறக்கினார்கள். எல்லா மாடியிலும் கதவு திறந்தது. இந்தத் தடவை அவள் நிஜமாகவே சிரித்தாள். “ஆஸ்பத்திரிக்கில்ல. ஊரை விட்டே போறேன்” என்றாள். கீழே இறங்கியதும் நாற்காலியைக் கீழ்வீட்டுக்காரர் பக்கம் தள்ளிவிட்டு வாடகைக் காரில் ஏறிக்கொண்டாள். சாமான் லாரி பின்னால் வந்தது.

புது ஊருக்குள் நுழையும்போது வெயில் இறங்க ஆரம்பித்திருந்தது. அந்தக் கட்டடம் தூரத்திலிருந்தே பளபளத்தது. கார் வாசலில் நின்றது. அவள் கதவைத் தானே திறந்துகொண்டு, ஊன்றுகோலை ஊன்றி இறங்கி, நிமிர்ந்து பார்த்தாள்.

படி.

ஒன்றில்லை, இரண்டில்லை, ஏழு படி. அகல அகலமாகப் பளிங்குப் படி. ஈ உட்கார்ந்தால்கூட வழுக்கிவிடும், அப்படி ஒரு பளபளப்பு. இரண்டு பக்கமும் பூந்தொட்டி வைத்திருந்தார்கள், பிடித்துக்கொள்ளக் கைப்பிடி ஒன்று வைக்கத் தோன்றவில்லை ஒருத்தருக்கும். படியெல்லாம் ஏறி முடிந்த பிறகு, மேலே, கண்ணாடிக் கதவுக்கு உள்ளே, அவர் சொன்ன லிஃப்ட் ‘தரைத்தளத்தில்’ சமர்த்தாக நின்றுகொண்டிருந்தது.

புருஷன் இறங்கி வந்து, அவள் பார்க்கிற திசையில் பார்த்தார். முகம் வெளிறிப்போயிற்று. முதல் படியிலிருந்து கடைசிப் படி வரைக்கும் பார்த்தார். யாரோ இப்போதுதான் கொண்டுவந்து அடுக்கிவிட்டுப் போன மாதிரி பார்த்தார்.

“இது... அன்னிக்கு...”

“அன்னிக்கு இல்லையா? நேத்து ராத்திரி முளைச்சுதா?”

“இல்லம்மா. இருந்திருக்கும். நான் ஏறித்தான் போயிருக்கேன். என் கால் ஏறியிருக்கு, எனக்குத் தெரியலையே! லிஃப்ட் கதவைத்தானே பாத்துட்டுப் போனேன்...”

அவர் பொய் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. முப்பது வருஷமாக அவருக்குக் கட்டடம் என்றால் லிஃப்ட் கதவில் தொடங்கி மெஷின் ரூமில் முடிகிற ஒன்று. அதற்கு முன்னால் இருப்பதெல்லாம் அவர் பையைத் தூக்கிக்கொண்டு நடக்கிற வழி. தம்பிக்குக் குழாய், இவருக்கு லிஃப்ட். இதைப் புரிந்துகொண்டதனால் கோபம் குறைந்ததா என்றால் இல்லை. பொய் சொல்லியிருந்தால்கூடத் திட்டித் தீர்த்திருக்கலாம். இரண்டு வருஷம் அவளைத் தூக்கிச் சுமந்த மனுஷனுக்கே படி கண்ணில் படவில்லை என்றால், அப்புறம் யாருக்குப் படும்?

“பரவால்லம்மா, ஒரு நிமிஷம் இரு” என்று அவர் லாரியை நோக்கி ஓடினார். ஓடிப்போய், டிரைவரிடம் ஏதோ சொல்லி, கட்டை அவிழ்த்து, உள்ளேயிருந்து ஒன்றை இழுத்துக்கொண்டு வந்தார்.

அதே பச்சை நாற்காலி.

“இதை எதுக்குங்க கொண்டுவந்தீங்க?” குரல் அவளுக்கே கேட்கவில்லை.

“இல்ல... எதுக்கும் இருக்கட்டுமேனு... கீழ்வீட்டுக்காரர்தான் லாரியில போட்டாரு... டிரைவர் ஒரு பக்கம் பிடிப்பாரு...”

“அதுல நான் உக்கார மாட்டேன்.”

“ஏழு படிதானேம்மா?”

“ஏழு படிதானா? இன்னிக்கு ஏழு படி. நாளைக்குச் சோப்பு வாங்க ஏழு படி. நீங்க வேலைக்குப் போனப்புறம் யாரு தூக்குவா, அந்த லிஃப்ட்டா வெளியில வந்து தூக்கும்? கயிறு புதுசு, பிரேக் பூ மாதிரின்னீங்களே! நான் அழகையா கேட்டேன், ஆடம்பரத்தையா கேட்டேன்? தெருவுக்குப் போகணும்னு ஒண்ணே ஒண்ணுதானேங்க கேட்டேன்!”

லாரி டிரைவர், “சார், சாமானை இறக்கலாமா வேண்டாமா? எனக்கு அடுத்த டிரிப் இருக்கு” என்று நேரம் தெரியாமல் கேட்டார். அவள் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். கண் ஆஸ்பத்திரியில், வரிசையில் முந்துகிறவர்களைப் பார்க்கிற பார்வை. டிரைவர் பேசாமல் போய் வண்டியில் ஏறிக்கொண்டார்.

அவள் காரின் சீட்டில் பக்கவாட்டில் உட்கார்ந்து, காலை வெளியே நீட்டி, போனை எடுத்தாள். எத்தனை பேரிடம் பேசியிருக்கிறாள்! படியே இல்லை என்று அடித்துச் சொன்னவர்கள், தெருமுனையில் நின்றவர்கள், மிக்ஸி ஓட்டினவர்கள். அத்தனை பேரிலும் இருக்கிற படியை இருக்கிறது என்று சொன்னது ஒரே ஒரு ஆள்தான். அந்த ஆளின் போனைத்தான் அவள் முகத்தில் அடித்த மாதிரி வைத்தாள். தன்மேலேயே அவளுக்கு எரிச்சல் வந்தது.

“மரக்கடை அம்மாங்களா? அன்னிக்குப் பேசினேன். படின்னதும் போனை வெச்சேனே...”

“ஓ, நீங்களா!” ரம்பக் குரல் சிரித்தது. “நான் சொல்லி முடிக்கிறதுக்குள்ள வெச்சுட்டீங்க. என்னடா இது, இவ்வளவு கோவக்காரங்களா இருக்காங்களேனு பாத்தேன்.”

“வீடு இருக்குங்களா இன்னும்?”

“ரம்பம் சத்தத்துக்குப் பயந்து ஒருத்தரும் வரல. அப்படியே கிடக்குது. யாரு வந்து பாப்பாங்க? உங்க வீட்டுக்காரரா?”

“இல்லீங்க. நான்தான் வரேன். இப்பவே வரேன்.”

கார் போயிற்று, சாமான் ஏற்றின லாரியும் பின்னாலேயே போயிற்று. டிரைவரின் புலம்பல் அடுத்த தெருவரை கேட்டிருக்கும். புருஷன் முன்சீட்டில் கல்லாகச் சமைந்து உட்கார்ந்திருந்தார். கொடுத்த அட்வான்ஸைத் திருப்பி வாங்குகிற பஞ்சாயத்து வேறு இருக்கிறது. அதை நினைக்க அவருக்குத் தெம்பில்லை.

மரக்கடை அம்மாள் தலையெல்லாம் மரத்தூளோடு வாசலில் நின்றாள். வீடு சொன்னபடியே இருந்தது, சொன்னதைவிடக் கொஞ்சம் மோசமாகவே இருந்தது. சுவரில் பாதிச் சுண்ணாம்பு இல்லை. வாசலில் இரண்டு படி, சொரசொரப்பான சிமென்ட்டில், குட்டையாக. பக்கத்தில் ஒரு இரும்பு பைப்பைச் சுவரோடு சேர்த்துப் பதித்திருந்தார்கள்.

“எனக்கே முட்டி போச்சு. நான் குடியிருந்தப்ப வெச்சது. அந்த பைப்பைச் சொல்ல வந்தேன், அதுக்குள்ளதான் நீங்க...” என்றாள் அந்த அம்மாள்.

புருஷன் ஓடிவந்து தோளைப் பிடிக்கப் போனார். “தொடாதீங்க” என்றாள் அவள். கோபமாகச் சொல்லவில்லை. ஊன்றுகோலை இடது கைக்கு மாற்றிக்கொண்டாள். வலது கையால் பைப்பைப் பிடித்தாள். நல்ல காலை மேலே வைத்து, மடங்காத காலை இழுத்துப் பக்கத்தில் சேர்த்தாள். மூச்சு வாங்கியது. மறுபடி நல்ல கால், மறுபடி மடங்காத கால். உள்ளே போய்விட்டாள். இருட்டுச் சமையலறையையோ ஜன்னலையோ அவள் பார்க்கவே இல்லை. உள்ளே போனவள் அங்கேயே திரும்பி, அதே பைப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். இறங்குவது ஏறுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. புருஷன் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

“சாமானை இறக்கச் சொல்லுங்க” என்றாள்.

பக்கத்தில் ரம்பம் கிறீச்சென்று அலறியது. லாரி டிரைவர் “அப்பாடா” என்றார். முதலில் அவர் எடுத்து வாசலில் போட்டது பச்சை நாற்காலியைத்தான். மேலாக இருந்தது அதுதானே. புருஷன் அவசரமாக அதை மறைக்கிற மாதிரி முன்னால் வந்து நின்றுகொண்டார்.

“எதுக்கு நிக்கறீங்க? உக்காருங்க அதுல” என்றாள் அவள். “சாமான் இறங்கறதைப் பாத்துக்கோங்க. நான் தெருவுல கடை இருக்கானு பாத்துட்டு வரேன். சோப்பு வாங்கணும்.”

“நானும் வரட்டுமா?”

“எதுக்கு?”

அவர் உட்கார்ந்தார். நாற்காலி முனகியது. அவள் கேட்டைத் தானே திறந்துகொண்டு, மரத்தூள் பறக்கிற தெருவில், ஊன்றுகோலைத் தட்டித் தட்டி நடந்து போனாள். தெருமுனையில் திரும்பி மறைகிற வரைக்கும் அவர் அவளுடைய கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.